இரண்டாம் முறை பிடுங்க வந்தவர்களுக்கு: எங்கள் சதுப்புநிலத்திலிருந்து ஒரு நன்றி மடல்

அன்பான அயலவர்களுக்கும் நண்பர்களுக்கும்,

வடக்குக் கரையோரம் கொட்டி என்ற நீர்ச்செடி பூத்துவிட்டது. ஆம்பல் இலைகளுக்கு இடையில் அந்த ஊதா கலந்த கதிர்களைப் பார்த்தவர்கள், "இவ்வளவும் நட்டது யார்?" என்று கேட்கிறார்கள். நட்டது கொஞ்சம்தான். பிடுங்கியதும் அள்ளியதும் காத்திருந்ததும்தான் அதிகம். ஆகவே இந்த மடலில் முதல் நன்றி மரக்கன்று தந்தவர்களுக்கு அல்ல. அவர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

கொழும்பில் நாங்கள் களையெடுத்து மீட்டுவரும் இந்தச் சதுப்பின் பெயரை எழுதாமல் விடுகிறோம். வருகிறவர்களுக்கு வழி தெரியும். மீன்தொட்டிக் கடைகளுக்கு நீர்ச்செடிக் கிழங்கு தோண்டி விற்பவர்களுக்கு அது தெரியாமலே இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்து சதுப்பைப் பிடித்துக்கொண்ட சீத்தா இன மரமான வெல் ஆத்தாவில் தொடங்குவோம். கரை முழுவதையும் மூடி நின்ற அந்த மரத்தை வெட்டும் நாளுக்கு ஆட்கள் தாராளமாக வந்தார்கள். கத்தி, கோடரி, படம் எடுக்க ஃபோன், எல்லாம் இருந்தது. ஆனால் வெல் ஆத்தா வெட்டினால் சாகாது. கணுக்கால் உயரத்தில் அறுத்த கட்டையைச் சுற்றிச் சில கிழமைகளில் துளிர் வளையமாகக் கிளம்பும். சதுப்பு நீரில் களைநாசினி பூசுவதில்லை என்பது எங்கள் முடிவு. எனவே மிச்சமிருப்பது ஒரே வழி: மாதம் ஒருமுறை வந்து, துளிரை அடியோடு உரித்தெடுப்பது. இலையே இல்லாமல் திரும்பத் திரும்பத் துளிர்க்கும்போது வேரில் சேமித்த மாச்சத்து தீர்ந்து கட்டை உக்கும். அதற்கு ஓர் ஆண்டுக்கு மேல் பிடிக்கும். இடையில் இரண்டு மாதம் தவறினால் கட்டை மறுபடி பலம் பிடித்துவிடும். கமரா இல்லாத அந்த ஞாயிறுகளில் சேற்றில் குனிந்து துளிர் உரித்த வெள்ளவத்தை, தெமட்டகொட, வெல்லம்பிட்டிப் பிள்ளைகளுக்கு எங்கள் முதல் நன்றி.

அவர்கள் சரியாகக் கடைப்பிடித்த வரிசையையும் சொல்ல வேண்டும். வெட்டுவதற்கு முன்னரே காயை எல்லாம் பறித்துச் சாக்கில் கட்டினார்கள். பழம் நீரில் மிதக்கும்; விதை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்; ஒரு மழைக்கு அடுத்த கால்வாய்க்குப் போய்விடும். முழங்கால் உயரத்துக்குக் குறைந்த நாற்றுகளை மழை பெய்த மறுநாள் பிடுங்கினார்கள், சேறு இளகியிருக்கும்போது ஆணிவேர் அறாமல் வரும் என்பதால். முக்கியமாக, கரையை ஒரேயடியாக மொட்டையடிக்கவில்லை. ஐந்து மீற்றர் துண்டு வெட்டு, ஐந்து மீற்றர் விடு என்று மாற்றி மாற்றிப் போனார்கள். முழுவதும் வெட்டினால் இரண்டு கேடு: வேர்ப்பிடி போன கரை மே மாத மழையில் சரியும், திடீரென்று வெயில் பட்ட இடத்தில் கினிப்புல் ஆளுயரம் வளரும். விட்டுவைத்த துண்டின் நிழலில் நீர்ப்பருத்தியும் தாழையும் வேர்கொண்ட பின்தான் மிச்சத்தில் கை வைக்க வேண்டும்.

மஞ்சள் பூப் பூத்துத் தரையெங்கும் படரும் வெடிலியாவுக்கு வேறு முறை. நல்ல மனதோடு புல்வெட்டும் இயந்திரம் தர முன்வந்த அன்பருக்கு நன்றி. அதைத் திருப்பி எடுத்துச் சென்றதற்கு இரட்டிப்பு நன்றி. அந்தக் கொடி ஒவ்வொரு கணுவிலும் வேர்விடும். இயந்திரம் அதை நூறு துண்டாக்கி நூறு இடத்தில் நட்டுவிடும். கையால் சுருட்டி, சீமெந்துத் தரையில் பரப்பி, தண்டு மொறுமொறுவென்று காயும்வரை வெயிலில் விட வேண்டும். வெல்லம்பிட்டியில் தம் வீட்டு மொட்டை மாடியை இதற்காகவே விட்டுக்கொடுத்த அக்காவுக்கு என்ன சொல்வது? அங்கே அவர் உடுப்புக் காயப்போட்டே பல கிழமை ஆகிறது.

தண்ணீர்மேல் மிதந்து படரும் சல்வீனியா 1939இல் தாவரவியல் ஆய்வுக்கென்று இலங்கைக்கு வந்து, பிறகு வயலையும் குளத்தையும் பிடித்துக்கொண்ட செடி. அதைத் தின்னும் சிறு கூன்வண்டை 1986இல் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அள்ளுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்: பச்சையாக இருப்பதை அள்ளு, பழுப்பேறிய திட்டைத் தொடாதே. பழுப்பு என்றால் அங்கே வண்டு வேலை செய்கிறது, அதன் புழு தண்டைக் குடைகிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதை முதலில் அள்ளினால் எங்கள் பக்கம் நிற்கும் ஒரே கூலியில்லாத் தொழிலாளியை நாமே வெளியேற்றியதாகும். அள்ளியதைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழை திரும்பத் தண்ணீருக்குள் தள்ளும். வெள்ளம் ஏறும் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஈரச் சாக்கின் பாரம் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தத் தூரத்தின் அருமை தெரியும். தள்ளுவண்டியோடு வந்த மரக்கறி வியாபாரி ஐயாவுக்கும், மூன்று சக்கரத்தில் சாக்கு ஏற்றிய தம்பிமாருக்கும் நன்றி. அந்தக் குவியலைப் பசளைக்குக் கேட்டவர்கள் உண்டு. கால்வாய்த் தண்ணீரில் வளர்ந்த செடி அந்தத் தண்ணீரின் உலோகங்களையும் உறிஞ்சியிருக்கும். கீரைப் பாத்திக்கு அது வேண்டாம்.

மதகில் பொலித்தீன் அடைக்காமல் இருப்பது வெற்றுத் தண்ணீர்க் கான்களால் ஆன மிதவைத் தடுப்பினால். ஐந்து லீற்றர் கான்களின் மூடியை இறுக்கி, மீன்வலைத் துண்டில் வரிசையாகக் கோத்து, நைலோன் கயிற்றால் இரு கரையிலும் கட்டியது. குறுக்கே நேராகக் கட்டினால் குப்பை நடுவில் முட்டிக் கயிறு அறும்; சாய்வாகக் கட்டினால் குப்பை ஒரு கரைக்கு ஒதுங்கும், அள்ளுவதும் சுகம். கான் சேர்த்துத் தந்த சைவக் கடைக்காரருக்கும், பழைய சோனகத் தெருவிலிருந்து கயிறு, மண்வெட்டி, நீர்மட்டம் பார்க்க நட்ட இரும்புக் குழாய் எல்லாம் தந்து காசு வாங்க மறுத்த நானாவுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்ட அந்தக் குழாய்தான், கன்று குறைந்தது எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. வெள்ளமட்டத்துக்குக் கீழே நிற்கும் கன்று மூழ்கி அழுகும்.

நாற்றுமேடைக்கு நுளம்பு வலையில் சிறு பைகள் தைத்துத் தந்த கொட்டாஞ்சேனை அம்மாமாருக்கு, அந்தப் பைகள் என்ன செய்தன என்று விளக்கம் கடன். நீல அல்லிப் பூ வாடியதும் காம்பு சுருண்டு காயைத் தண்ணீருக்குள் இழுத்துவிடும். அப்போதே காய்மேல் பையைக் கட்ட வேண்டும். பிந்தினால் காய் வெடித்து, விதை கொஞ்ச நேரம் மிதந்து, எங்கோ போய்த் தாழ்ந்துவிடும். கொட்டியின் விதைக்கும் அதே பை. ஆனால் அந்த விதையை உலரவே விடக்கூடாது, உலர்ந்தால் செத்தது. எடுத்த கையோடு, களிமண் மூன்று பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து, மேலே இரண்டு சென்ரிமீற்றர் மணல் போட்ட சட்டியில், மூன்று சென்ரிமீற்றர் தண்ணீருக்குக் கீழே தூவ வேண்டும். மற்ற நாற்றுகளுக்கு உயிரான தும்புச்சோறு (தேங்காய்த் தும்புத் தூள்) இங்கே ஆகாது. மிதந்து தண்ணீரைக் கறுப்பாக்கும். பசளையும் வேண்டாம், பாசிதான் வளரும். சில மாதம் கழித்துக் கொட்டி இலை முழுவதும் உதிர்ந்தால் சட்டியைக் கொட்டிவிடாதீர்கள். கிழங்கு உறங்குகிறது.

தண்ணீர் நிற்கும் சட்டி என்றதும் டெங்கு நினைவு வருவது நியாயம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) ஐயா நாற்றுமேடையைப் பார்த்து முகம் சுளித்ததும் நியாயம். பிறகு அவரே வழியும் சொன்னார்: சிறிய தட்டுகளைக் கிழமைக்கொரு முறை ஊற்றித் தேய்த்துக் கழுவு, பெரிய தொட்டியில் மீன் விடு. கப்பி மீன் வெளிநாட்டது, வெள்ளத்தில் சதுப்புக்குள் தப்பிவிடும். அதனால் நெற்றியில் வெள்ளிப் பொட்டுள்ள உள்ளூர் மீனான நலஹந்தயாவை விட்டிருக்கிறோம். எலிக்காய்ச்சலுக்கு எதிரான டொக்சிசைக்கிளின் மாத்திரையையும் அவர் மூலமாகவே பெற்றோம்: வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது கிடையாது. அவர்கள் தண்ணீருக்குள் இறங்கவும் வேண்டாம். காலில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் கரை வேலைக்குப் போக வேண்டும். காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் "சதுப்பில் வேலை செய்தேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

"வேண்டாம்" என்று சொன்னபோது மனம் கோணாதவர்களுக்குத் தனி நன்றி. விகாரை வாசல் பூக்கடையிலிருந்து, நம் நீல அல்லியான நீல மானெல் என்று அடர் ஊதா அல்லி கொண்டுவந்தவர்கள் பலர். அதில் பெரும்பாலானது வெளிநாட்டுக் கலப்பு. இலையும் காம்பும் சேரும் இடத்தில் குட்டிச்செடி முளைத்தால் ஐயமே வேண்டாம், அது நம் தேசிய மலர் அல்ல. நம்முடையது வெளிர் நீலம், விதையாலும் கிழங்காலும் பெருகுவது. இதைப் பேராதனைத் தாவரவியலாளர்கள் எவ்வளவோ சொல்லியும் முத்திரையிலும் சுவரொட்டியிலும் ஊதாப் பூவே சிரிக்கிறது! வேறு ஆற்றுப் படுகையிலிருந்து வந்த அரிய கன்றுகளையும் இதே காரணத்தால் ஏற்கவில்லை. அரியது என்பதாலேயே ஒரு செடி இந்த மண்ணுக்கு உரியதாகாது.

இருக்கை போடலாம், புல்தரை அமைக்கலாம், ஓரத்தை மண்போட்டு நிரப்பி வாகனத் தரிப்பிடம் ஆக்கலாம் என்ற யோசனைகளும் வந்தன. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளவே வெள்ளத்தில் நின்றதைப் பார்த்த ஊர் இது. 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சரின் ஈரநில நகரங்களாக முதலில் ஏற்கப்பட்ட 18இல் கொழும்பும் ஒன்று, அவற்றில் தலைநகர் இது மட்டுமே. அந்தப் பெயர் நிற்க வேண்டுமானால் ஓரத்து மண்தான் முதலில் நிற்க வேண்டும். கட்டட இடிபாடு கொட்ட வந்த லொறியை இரவில் மறித்துத் திருப்பி அனுப்பிய ஒழுங்கைக்காரர்கள், எந்தச் செடிப் பெயரும் தெரியாமலேயே எங்களில் பாதிப் பேரைவிட அதிகம் செய்தார்கள்.

சமையலுக்கான சதுப்புச் செடியான கொஹில அறுக்க வரும் சிங்களப் பெரியவருக்கும் நன்றி. வெளியாரைத் தடுக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. அவர் ஒவ்வொரு தூரிலும் பாதித் தண்டை விட்டு அறுக்கிறார், கிழங்கு முனையைத் தொடுவதில்லை, அறுத்த இடத்துக்குப் பல மாதம் திரும்புவதில்லை. கதுரு மரக் காயைப் பிள்ளைகள் பந்தாக்கி விளையாடியபோது ஓடிவந்து பறித்தவரும் அவரே. அதன் பருப்பு இதயத்தை நிறுத்தும் நஞ்சு. இப்போது அந்தக் காயைக் கையுறையோடு பெரியவர்கள் மட்டும் எடுக்கிறோம். நார்க்கூட்டைக் கிடையாகப் பாதி புதைத்து வைத்தால் முளைக்கும்.

அடுத்த துளிர் உரிப்பு மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஆறரை. பிளேன்டீயும் பணிசும் வழக்கம்போல் சந்திக் கடைக்காரர் தருகிறார். கோப்பையைக் கையோடு கொண்டு வாருங்கள், கடதாசிக் கோப்பை கிடையாது. முழுக்கைச் சட்டை அவசியம். மரக்கன்று கொண்டுவர வேண்டாம். பழைய சணல் சாக்கு, அரிவாள், ஐந்தாம் ஆறாம் இலக்கக் கம்பூட்ஸ் இருந்தால் தாருங்கள். பெரிய அளவில் போதுமானது இருக்கிறது, உயர்தர வகுப்பு மாணவிகளின் காலுக்குத்தான் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
சதுப்புநிலத் தொண்டர்கள்,
கொழும்பு