பக்கத்து வீட்டு அக்கா

திருப்பூர்

அன்புள்ள வசந்தாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்காலுக்குப் பிசியோதெரபி ஆரம்பித்தது நல்லது, பாதியில் விட்டுவிடாதே. நான் ரிட்டையர் ஆகியும் சும்மா இல்லை. தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் "நர்ஸம்மா" என்று இங்கேதான் வந்து நிற்கிறார்கள்.

வடக்கே இருந்து வேலைக்கு வந்தவர்கள் நம் அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்களா என்று கேட்டிருந்தாய். சில பேர் வருகிறார்கள், சில பேர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

பின்தெரு லைன் வீட்டில் ஒடிசாப் பெண் ஒருத்தி, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. முழுகாமல் இருப்பது தெரிந்ததும் அவளை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனது புருஷனும் இல்லை, நானும் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் பழக்கமான மதுரைக்கார அக்கா. "பிக்மி நம்பர் (கர்ப்பத்தை அரசாங்கத்தில் பதிந்ததும் தருகிற எண்) வாங்காவிட்டால் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது" என்று பயங்காட்டியே இழுத்துப் போயிருக்கிறாள்! போன இடத்தில் ரத்தம் குறைவு என்று தெரிந்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இப்போது கார்டை எடுத்துக்கொண்டு அவளே போகிறாள். போகிற போக்கில் பீகார்ப் பெண் ஒருத்தியையும் சேர்த்துக்கொள்கிறாள்.

கம்பெனி ஹாஸ்டல் பையன்கள் கதை வேறு. இங்கே ஒன்றரை ஷிஃப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே வருவது. சூப்பர்வைசரையும் கூட்டிவந்த ஏஜெண்டையும் விட்டால் ஊரில் அவர்களுக்கு யாரைத் தெரியும்? உடம்புக்கு முடியவில்லை என்றால் மெடிக்கலில் நாலு மாத்திரை, அதற்கும் கேட்காவிட்டால் காசு கொடுத்து ஒரு ஊசி. டீக்கடையில் ஒருத்தன் விடாமல் இருமிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், சளி டெஸ்ட் இலவசம், டி.பி. என்றால் மருந்தும் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாயும் அரசாங்கம் தருகிறது என்று சொன்னேன். "ஷிஃப்ட் போயிடும் அம்மா" என்றான், டீயை முடித்துவிட்டுப் போய்விட்டான். திட்டம் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, கூட்டிப்போக ஓர் ஆள் இல்லை.

சீனாவிலும் இதே பாடுதான் போலிருக்கிறது. குடும்பப் பதிவு இருக்கிற சொந்த ஊரை விட்டு வெளியூரில் வாழ்கிறவர்கள் 2020 கணக்கெடுப்பில் சுமார் 37.6 கோடிப் பேர். 2009-லேயே அடிப்படைப் பொதுச் சுகாதாரச் சேவையை இலவசமாக்கினார்கள். ஆனாலும் வந்த ஊரில் ஒட்டிக்கொண்டவர்கள்தான் அதை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதுகிறார்கள். நம் குழாயடி அக்காவைக் கேட்டிருந்தால் ஆராய்ச்சி இல்லாமலே சொல்லியிருப்பாள்.

ஒரு வேடிக்கை. நம் 2011 கணக்கெடுப்பில் இடம்பெயர்ந்தவர்கள் 45 கோடிக்கு மேல். அதில் கிட்டத்தட்டப் பாதி கல்யாணமாகிப் போனவர்கள், பெரும்பாலும் பெண்கள். நீயும் நானும் அந்தக் கணக்கில்தான் வருகிறோம். ஆனால் நமக்கு மாமியார், நாத்தனார் என்று ஒரு படையே காத்திருந்தது; எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று நாம் கேட்காமலே சொன்னார்கள் (கேட்காத புத்திமதியும் சேர்த்துத்தான்).

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல் பக்கம் ஒரு முகாம் போடச் சொல்லி எங்கள் வார்டு கவுன்சிலரிடம் மனு எழுதிக் கொடுக்கப் போகிறேன். மதுரைக்கார அக்காவும் கூட வருகிறேன் என்கிறாள்.

உங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் நடவுக்கு வங்காளத்து ஆட்கள் வருகிறார்களே, வேலை முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறவர்கள். அவர்களில் ஒருத்தருக்குப் பாம்பு கடித்தால், காய்ச்சல் வந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்? விசாரித்து எழுது.

அன்புடன்,
கமலா