அரை மாரத்தான் நடத்துபவர்களுக்கு, பின்வரிசையிலிருந்து

அன்புள்ள ஏற்பாட்டாளர்களே,

வணக்கம். 'முதல் அரை மாரத்தானா? தயங்காமல் வாருங்கள்' என்று விளம்பரத்தில் எங்களைத்தான் கூப்பிடுகிறீர்கள். வருகிறோம். மாதக்கணக்கில் விடியுமுன் எழுந்து ஐந்து கிலோமீட்டர், பத்து, பதினைந்து என்று ஏற்றி, ஒருவழியாகப் பந்தய எண் அச்சிட்ட 'பிப்' என்ற தாளைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்து நிற்கிறோம். ஆனால் ஏற்பாடுகளைப் பார்த்தால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் யாரும் ஓட மாட்டார்கள் என்று நினைத்துச் செய்தது போலவே பல இடங்களில் இருக்கிறது.

முதலில் கட்-ஆஃப், அதாவது ஓடி முடிக்க நீங்கள் வைக்கும் நேர வரம்பு. மூன்று மணி நேரத்தில் 21.0975 கிலோமீட்டர் என்றால், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 8 நிமிடம் 32 நொடி. புதிதாக ஓட வருபவர் இந்தக் கணக்கை நம்பித்தான் பயிற்சி செய்கிறார். சரி, கடிகாரத்தை எப்போது ஓடவிடுகிறீர்கள்? துப்பாக்கி வெடித்ததுமே என்றால், பெரிய கூட்டத்தின் கடைசியில் நிற்பவர் ஸ்டார்ட் கோட்டைத் தொடுவதற்குள் பத்து நிமிடம் போய்விடக்கூடும். மிச்சம் 170 நிமிடம்தான். இப்போது அவர் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 3 நொடியில் ஓட வேண்டும். மெதுவாக ஓடுபவர்களைப் பின்னால் நிற்கச் சொல்வது நியாயம். எல்லோருக்கும் அதுதான் பாதுகாப்பு. அப்படி நின்றதற்காக அவர்களுடைய நேரத்தையும் பிடித்துக்கொள்வது என்ன நியாயம்? கடைசி ஆள் கோட்டைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். யார் எப்போது தாண்டினார் என்பதைத்தான் ஓடுபவர் அணிந்திருக்கும் டைமிங் சிப் சொல்லிவிடுகிறதே.

அடுத்தது தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

என் முதல் அரை மாரத்தானில் பதினாறு கிலோமீட்டர் தாண்டி வந்த மேஜையில் காலி அட்டைப்பெட்டிகள்தான் இருந்தன. அதற்கு அடுத்த மேஜையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 'இன்னுமா ஆள் வருது?' என்று ஒரு தன்னார்வலப் பையன் கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே வியப்பு. அவன்மேல் எனக்குக் கோபமும் இல்லை. எத்தனை மணிவரை நிற்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2021-ல் வலென்சியாவில் எத்தியோப்பியாவின் லெடெசென்பெட் கிடே இதே தூரத்தை 1 மணி 2 நிமிடம் 52 நொடியில் ஓடிப் பெண்கள் உலக சாதனை படைத்தார். மூன்று மணி நேரம் எடுப்பவர் ஏறக்குறைய அதைப்போல மூன்று மடங்கு நேரம் சாலையில் இருக்கிறார். முன்னால் போனவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருக்கையில் ஏறுவெயிலில் காலை இழுத்துக்கொண்டிருப்பவர் அவர்தான். முதலில் தண்ணீர் தீர்ந்துபோவதும் அவருக்குத்தான்.

அதற்காக நிறையத் தண்ணீர் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். நீண்ட நேரம் ஓடிக்கொண்டே, கண்ணில் படும் மேஜையிலெல்லாம் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2005-ல் வெளியான ஆய்வில், 13 சதவீதம் பேருக்கு இந்தக் குறைபாடு இருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களிடமும், ஓடும்போதே எடை கூடியவர்களிடமும் அது அதிகம் தென்பட்டது. அது முழு மாரத்தான்தான். ஆனாலும் மூன்று மணி நேரத்தைத் தாண்டி ஓடுபவருக்கு இது தொடர்பில்லாத விஷயம் அல்ல. குழம்பிப்போய், வாந்தியெடுத்து உட்கார்ந்துவிட்டவருக்கு மேலும் தண்ணீரை ஊற்றிக்கொடுப்பது ஆபத்தாகலாம். இதைத் தெரிந்த மருத்துவக் குழு முழு பலத்தோடு இருக்க வேண்டியது கடைசி ஒரு மணி நேரத்தில். பல இடங்களில் அவர்கள் மூட்டை கட்டுவதும் அதே நேரத்தில்தான்!

தூரத்தை அளப்பதில் நீங்கள் காட்டும் அக்கறையைப் பார்த்து வியந்திருக்கிறேன். சான்றிதழ் பெறும் பாதை என்றால், சைக்கிள் சக்கரத்தில் எண்ணும் கருவியை மாட்டி, வளைவுகளில் ஓரத்தை ஒட்டிச் சென்று அளக்கிறீர்கள். தப்பித்தவறியும் குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைக்கிறீர்கள். இருபத்தொரு மீட்டருக்கு இவ்வளவு கவனம். ஆனால் கடைசி ஆள் வரும்போது முடிவுக்கோட்டில் நிறுத்திய காற்றடைத்த ஃபினிஷ் வளைவிலிருந்து காற்று இறங்கிவிட்டிருக்கிறது. தரையில் சிப்பைப் படிக்கும் பாய் இல்லை, நேரமும் பதிவாவதில்லை. கிலோமீட்டர் பலகைகளைக்கூட அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். சந்திப்பில் இடமா வலமா என்று சொல்ல ஆளில்லை. மெடல் தீர்ந்துபோவது வேறு கதை, அதை விடுங்கள்.

உங்கள் பக்கத்துச் சிரமமும் புரிகிறது. சாலையைக் குறிப்பிட்ட மணிக்குத் திறந்துவிடத்தான் வேண்டும். இருட்டிலேயே வந்து நின்ற தன்னார்வலர்கள் களைத்திருப்பார்கள். கட்-ஆஃபே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. மெதுவாக ஓடுபவர்களை அரை மணி முன்னதாக அனுப்பிவிடலாம். சாலை திறந்த பிறகு எங்களை நடைபாதைக்கு மாற்றலாம், கோபிக்க மாட்டோம். 2004-ல் லண்டனில் தொடங்கிய பார்க்ரன் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில், கடைசி ஆளுக்கும் பின்னால் ஒரு தன்னார்வலர் நடந்தே வருகிறார். அதனால் ஓட வந்த யாரும் கடைசியாவதில்லை. அப்படி ஒருவரை நீங்களும் அனுப்பி, அவர் கடக்கும்வரை எந்த மேஜையையும் மடிக்கக் கூடாது என்று ஒரு விதி போட்டால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். செலவும் அதிகம் ஆகாது.

அடுத்த பந்தயத்தை அறிவிக்கும்போது மூன்று விவரங்களை முதல் பக்கத்திலேயே போடுங்கள்: கட்-ஆஃப் எந்த நொடியிலிருந்து தொடங்குகிறது, நடுவழியில் எந்தெந்தக் கிலோமீட்டரில் நிறுத்துவீர்கள், கடைசி மேஜை எத்தனை மணிவரை இருக்கும். எங்களால் முடியுமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிறோம்.

இப்படிக்கு,
மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் ஓர் ஓட்டக்காரர்