லேப்டாப் ஃபேனை அடக்கிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காவேரிப்பட்டினத்தில் 14 ஆண்டுகளாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மாங்காய் மண்டிக்கு பில் புத்தகம், காதுகுத்து நோட்டீஸ் எல்லாமே ஒரே லேப்டாப்பில்தான். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய திங்க்பேட்.

இப்போதெல்லாம் கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள், "அண்ணா, ஃபேன் சத்தம் தாங்கல. ஏதோ சாஃப்ட்வேர் இருக்காமே, போட்டுக் குறைச்சுக் குடுங்க" என்கிறார்கள். நானும் அதைச் செய்து பட்டவன். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வைகாசி முகூர்த்த நேரம். ஃபேன் இரைச்சலில் போன் பேச முடியவில்லை. என் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் ஓடுவது லினக்ஸ். அதில் திங்க்பேட் ஃபேனுக்கு 0 முதல் 7 வரை வேக நிலைகள் உண்டு; எண் கூடினால் வேகம் கூடும். நான் 2-இல் நிறுத்திவிட்டேன். கடை அமைதியானது. மூன்றாம் நாள் மதியம் ஒரு பத்திரிகைக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். மவுஸ் நகரவே இல்லை. கீபோர்டின் மேல்பக்கம் தோசைக்கல்லாகச் சுட்டது. அப்படியே அணைந்துவிட்டது. சேமிக்காத நாலு பக்கமும் போச்சு. பெண் வீட்டார் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மதர்போர்டில் எம்பெடட் கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன சிப் இருக்கிறது. சூட்டைப் பார்த்து ஃபேனை ஓட்டுவது அதன் வேலை. சாஃப்ட்வேர் மூலம் நாம் ஒரு வேகத்தைக் கட்டிவிட்டால் அது ஒதுங்கிக்கொள்ளும், பொறுப்பு நம் தலையில். 100 டிகிரியை நெருங்கும்போது பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் மெஷின் தானே அணைந்துவிடும். லினக்ஸில் இதற்கு வாட்ச்டாக் என்று ஒரு காவல் வைக்கலாம். சொன்ன நேரத்துக்குள், அதிகபட்சம் 120 விநாடி, புது உத்தரவு வராவிட்டால் ஃபேனைப் பழையபடி தானியங்கிக்கு விட்டுவிடும். நான் அதை வைக்கவில்லை. விண்டோஸில் ஓடும் நோட்புக் ஃபேன் கன்ட்ரோல் என்ற சாஃப்ட்வேரில் வேறொரு ஆபத்து. ஒவ்வொரு மாடலுக்கும் தனி அமைப்புக் கோப்பு இருக்கிறது. பெயர் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறதே என்று வேறு மாடலின் கோப்பைப் போட்டால், கன்ட்ரோலரில் தவறான இடத்தில் போய் எழுதிவிடும்.

அன்று இரவு பின்மூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு போலத் தூசி. பேப்பர் வெட்டும் தூளும், கிரானைட் கல் லாரிகள் கிளப்பும் மண்ணும் சேர்ந்து இறுகி, ஒரே துண்டாக உரிந்து வந்தது. காற்று வெளியேற வழியில்லாமல்தான் ஃபேன் அத்தனை கத்தியிருக்கிறது. இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் துடைத்தேன், பிராசசர் சூட்டைச் செம்புக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் புதிதாக வைத்தேன். 90-ஐத் தாண்டிக்கொண்டிருந்த சூடு, அதே வேலைக்கு 68-இல் நின்றது. சத்தமும் தானாக அடங்கியது.

சாஃப்ட்வேர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே இன்று லினக்ஸில் ஃபேனை ஓட்டும் திங்க்ஃபேன் என்ற சாஃப்ட்வேரை வைத்திருக்கிறேன். சூடு 55 டிகிரிக்கு மேல் போனால் ஃபேன் நிலை 3, 65-க்கு மேல் 5, 75-க்கு மேல் 7. இறங்கும்போது ஐந்து டிகிரி குறைந்த பிறகே வேகம் குறையும். இல்லாவிட்டால் ஃபேன் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கும், அந்தச் சத்தம் இன்னும் எரிச்சல். சூட்டுக்குத் தக்கபடி ஃபேனைக் கொஞ்சம் முன்னதாகவே ஓடவிடுவதற்கு இந்த சாஃப்ட்வேர் அருமையானது. சத்தத்துக்குப் பயந்து ஒரே வேகத்தில் கட்டிப்போடத்தான் கூடாது.

இப்போது யார் கேட்டு வந்தாலும் முதலில் லேப்டாப்பைக் கவிழ்த்து, காற்றுத் துளையில் டார்ச் அடித்துக் காட்டுகிறேன். ஆனால் என் கடைக்கு வருபவர்களிடம்தானே நான் சொல்ல முடியும்? படம் போட்டு விளக்கி உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வெளியிடுங்கள். கத்திரி வெயில் தொடங்கும் முன்பே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
டி.டி.பி. கடைக்காரர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்