உங்கள் எல்பியில் கேட்கும் இரைச்சல் பற்றி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒருவர் சாஃப்ட் மெஷின் என்ற இசைக்குழுவின் 'தேர்ட்' ஆல்பத்தை, இரண்டு இசைத்தட்டு கொண்ட இரட்டை எல்பியாகக் கொண்டுவந்து, டிஜிட்டலாக மாற்றித் தரச் சொன்னார். கோப்புகளை வாங்கிப்போன அன்று மாலையே போன் வந்தது. "முதல் பக்கம் ஆரம்பமே ஒரே இரைச்சல். தட்டைக் கழுவினீர்களா இல்லையா?" என்று கேட்டார். இதே கேள்வி வேறு பலருக்கும் இருப்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

கழுவினோம். அவர் கேட்டது அழுக்கின் சத்தம் இல்லை. 'ஃபேஸ்லிஃப்ட்' என்ற அந்தப் பாட்டின் தொடக்கத்தில் குழுவின் கீபோர்டு கலைஞர் மைக் ராட்லெஜ் தன் லோரி ஆர்கனை, ஒலியைச் சொரசொரப்பாக்கும் ஃபஸ் கருவி வழியாக விட்டு, ரம்பம் போடுவது மாதிரி ஒலிக்க வைக்கிறார். பாட்டின் பெரும்பகுதி 1970 ஜனவரியில் குராய்டனின் ஃபேர்ஃபீல்ட் ஹாலில் நடந்த கச்சேரியில் பதிவானது. அப்புறம் பதிவு நாடாவை வெட்டி ஒட்டினார்கள், வேகத்தை மாற்றினார்கள். அந்தச் சொரசொரப்பு அவர்கள் விரும்பி வைத்தது. அதை நாங்கள் துடைத்தால் ராட்லெஜின் கையையே துடைத்ததாகிவிடும்.

இங்கிலாந்தின் கேன்டர்பரி வட்டாரத்தில் முளைத்த ராக் குழு சாஃப்ட் மெஷின். எல்டன் டீனின் சாக்ஸபோன் சேர்ந்த பிறகு ஜாஸ் பக்கம் வேகமாக நகர்ந்தது. 1970 ஜூனில் வந்த இந்த ஆல்பத்தில் பக்கத்துக்கு ஒரே பாட்டு, ஒவ்வொன்றும் 18, 19 நிமிடம். அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், மேற்கத்திய செவ்வியல் இசைக்குப் பேர்போன ப்ராம்ஸ் இசைவிழா மேடையிலேயே வாசித்தார்கள். பாடுகிற குரலைக் கேட்பது மூன்றாம் பக்கத்தில் மட்டும்தான்: டிரம்ஸ் கலைஞர் ராபர்ட் வயட்டின் 'மூன் இன் ஜூன்'. அதன் முற்பாதியில் டிரம்ஸ் மட்டுமில்லாமல் கீபோர்டு, பேஸ் எல்லாம் கிட்டத்தட்ட அவரே வாசித்தது. எங்களுக்கு மிகவும் பிடித்த பக்கம் அது.

எங்களை மிகவும் சோதித்தது நான்காம் பக்கம். அதிலுள்ள 'அவுட்-ப்ளடி-ரேஜியஸ்' என்ற பாட்டு கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்குகிறது. கீபோர்டு ஒலிகள் நாடாவில் சுற்றிச் சுற்றி வந்து, ஒன்றின்மேல் ஒன்றாக மெல்ல ஏறுகின்றன. இசை இவ்வளவு தணிவாக இருக்கும்போது ஊசி ஓடும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தூசியும் 'டிக்' என்று காதில் விழும். பூஞ்சை பிடித்த தட்டு என்றால் கேட்கவே வேண்டாம், பொரிகடலை பொரிவது போல் இருக்கும். இதை மென்பொருளிடம் விட்டால் டிக்கோடு சேர்த்து அந்த மெல்லிய ஒலிகளின் ஓரத்தையும் தின்றுவிடும். சாக்ஸபோன் சட்டென்று எடுக்கும் இடத்தையும் டிரம்மின் விளிம்பில் குச்சி விழும் இடத்தையும் கீறல் என்றே அது எண்ணிக்கொள்ளும். தொடங்கிய புதிதில் ஒரு ஜாஸ் தட்டை இப்படி முழுவதும் தானியங்கியாக ஓட்டி, சாக்ஸபோனை மழுங்கடித்துக் கொடுத்துவிட்டோம். அன்றிலிருந்து டிக்குகளைக் கையால், ஒவ்வொன்றாகத்தான் எடுக்கிறோம். ஒரு எல்பிக்கு மூன்று நாள் ஆவது இதனால்தான்.

ஒரு விஷயம் எங்கள் கையில் இல்லை. எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே சீராகச் சுற்றுகிறது. ஆனால் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடினால், லேபிளை நெருங்கும்போது 20, 21தான் ஓடும். அதே இசையைக் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுத வேண்டிய நிலை. அதனால்தான் பக்கம் முடியும் இடத்தில் உச்ச ஒலிகள் கொஞ்சம் பிசிறடிக்கின்றன. நல்ல முனையுள்ள ஊசி போட்டு, கோணத்தைச் சரியாக வைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஏற்கெனவே தேய்ந்த ஊசியால் அரைபட்ட பள்ளம் என்றால் ஒன்றும் செய்ய முடியாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

இனிமேல் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு கோப்பு தருகிறோம்: ஊசி படித்ததை அப்படியே வைத்திருக்கும் ஒன்று, டிக் எடுத்த ஒன்று. நாங்கள் பதியும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் 19 நிமிடப் பக்கம் சுமார் 650 எம்பி வரும், பென் டிரைவ் கொண்டுவருபவர்கள் அதற்குத் தகுந்த மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணத்தில் மாற்றமில்லை. அப்படியே இருக்கும் கோப்பை அழித்துவிடாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல கருவி வந்தால் அங்கிருந்துதான் மறுபடி தொடங்க முடியும்.

பாட்டைக் கேட்டால் போதும் என்பவர்கள் கடையில் கிடைக்கும் மறுவெளியீட்டையே வாங்கிக்கொள்ளலாம், செலவு குறைவு. உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ ஐம்பது வருடம் வைத்திருந்த அந்தத் தட்டே வேண்டும் என்றால் எங்களிடம் வாருங்கள்.

தருவதற்கு முன் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், தூசி பள்ளத்துக்குள் இறங்கிவிடும். பழைய 78 சுற்றுத் தட்டு என்றால் ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள். அது அரக்குத் தட்டு, கரைந்துவிடும். படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தியே கொண்டுவாருங்கள். உறையையும் உள்தாளையும் மறக்க வேண்டாம். லேபிளை ஒட்டிய வழவழப்பான வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் குறித்து, கோப்போடு சேர்த்துத் தருகிறோம்.

அன்புடன்,
கடையிலிருந்து