ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், குடியாத்தம் வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர்களே, இந்த ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பொதுக்குழுவைக் கல்வி வளர்ச்சி நாளான ஜூலை 15-இல் கூட்டுவது நம் வழக்கம். காமராசர் 1954-இல் முதலமைச்சரானபோது சட்டமன்ற உறுப்பினராக இல்லை. அந்த ஆண்டு இடைத்தேர்தலில் அவர் நின்று வென்றது நம் குடியாத்தம் தொகுதியில். ஊருக்கு ஊர் பள்ளி, பள்ளியில் மதிய உணவு என்று அவர் காலத்தில் நடந்ததன் பலனை இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பல வீடுகள் இன்றும் அனுபவிக்கின்றன. அவர் பிறந்த நாளில் இந்த அறிக்கையைப் படிப்பது எனக்குப் பெருமை.

சில வேலைகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. பள்ளிக் குடிநீர்த் தொட்டிக்கு மூடி போட்டோம். இரண்டு வகுப்பறைகளுக்கு மின்விசிறி வாங்கித் தந்தோம். சுதந்திர தினம், பொங்கல் விளையாட்டுப் போட்டி, குடியரசு தினம் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். மற்றதெல்லாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது.

ஒன்பதாம் வகுப்பை ஏன் எடுத்துக்கொண்டோம் என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 2024-இல் மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம், நம் வேலூர் மாவட்டம் 82.07 சதவீதத்தோடு கடைசி இடம். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. 2025 மே மாதம் வந்த முடிவில் மாநிலம் 93.80, நாம் 85.44. மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறோம், அதற்காக ஆசிரியர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் இடம் அதே கடைசி இடம்.

தேர்ச்சி பெறாத பிள்ளைகளின் வீடுகளுக்கு நாங்கள் போய்ப் பேசினோம். ஒரு வீட்டிலும் பத்தாம் வகுப்பில் தொடங்கிய பிரச்சினை என்று யாரும் சொல்லவில்லை. "நைன்த்துலயே ஒண்ணும் புரியலக்கா" என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. நம் பள்ளி எட்டாவதோடு முடிகிறது. அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியர்கள், வீட்டுக்குப் பின்னாலேயே பள்ளிக்கூடம். ஜூன் பிறந்ததும் பிள்ளை பஸ் ஏறிப் புதுப் பள்ளிக்குப் போகிறது. வகுப்பில் கூட்டம் அதிகம், பாடத்துக்கொரு ஆசிரியர், மணியடித்தால் அடுத்தவர் வந்துவிடுகிறார். கணக்கில் முதல் பாடமே கண மொழி. ஆண்டு முடிவதற்குள் முக்கோணவியல் வந்துவிடுகிறது. எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைக்காத முறையில் வந்த பிள்ளைக்கு, தனக்கு எது தெரியாது என்பதே காலாண்டுத் தேர்வு விடைத்தாள் வந்த பிறகுதான் தெரிகிறது. அதற்குள் கடைசி பெஞ்சு நிரந்தரமாகிவிடுகிறது.

ஆகவே, போன பொதுக்குழு முடிவின்படி, நம் பள்ளியிலிருந்து ஒன்பதாவது போன பிள்ளைகளுக்கு மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை பள்ளிக் கூடத்தில் படிப்பு வட்டம் நடத்தினோம். கட்டணம் கிடையாது. நம் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போகும் அக்காக்களும் அண்ணன்களும்தான் வழிநடத்தினார்கள். இது டியூஷன் இல்லை என்பதை முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிட்டோம். பாடத்தை மறுபடி நடத்துவது எங்கள் வேலை இல்லை. எப்படிப் படிப்பது என்பதைப் பழக்குவதுதான் வேலை.

கைடு வாங்கித் தரலாம் என்று ஒரு கருத்து செயற்குழுவில் வந்தது. நன்கொடை தர ஆளும் இருந்தார். நான் எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். காரணத்தை ஒரு பிள்ளையை வைத்தே சொல்கிறேன். அறிவியலில் பாய்மங்கள் என்று ஒரு பாடம். ஒரு தங்கை மிதப்பு விசைக்கு விளக்கத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு வாளித் தண்ணீரும் சில்வர் கிண்ணமும் கொண்டுவந்து, "கிண்ணம் ஏன் மிதக்குது, அதே சில்வர்ல இருக்கிற கரண்டி ஏன் முழுகுது?" என்று கேட்டோம். பதில் இல்லை. கிண்ணத்தில் கைப்பிடி கைப்பிடியாக மணலைப் போடச் சொன்னோம். கிண்ணம் இறங்க இறங்க வாளியில் தண்ணீர் விளிம்பேறியதை அவளே கவனித்தாள். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நோட்டில் எழுதினாள்: "கிண்ணம் தன் எடைக்குச் சமமான தண்ணீரைத் தள்ளும்வரை இறங்கும். தள்ள முடியாமல் போனால் முழுகும்." கைடில் இருந்த வாக்கியத்தைவிட இது எளிது. அவளுடையது என்பதால் அரையாண்டிலும் மறக்கவில்லை.

ஆண்டு முழுவதும் நாங்கள் பழக்கியது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான். ஒரு பக்கம் படி, புத்தகத்தை மூடு, நினைவில் நின்றதை எழுது, திறந்து பார், விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி மூடிய புத்தகத்தோடு எழுது. திரும்பத் திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலத் தோன்றும். மூடிவிட்டு எழுதும்போதுதான் உண்மை தெரியும். முதல் மாதம் பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை. வெற்றுத் தாளைப் பார்த்துக் கண் கலங்கியவர்களும் உண்டு. காலாண்டுக்குப் பிறகு அவர்களே கேட்டு வாங்கி எழுதினார்கள்.

கணக்குக்குத் தனியாகப் பிழை நோட்டு வைத்தோம். தப்பாகப் போட்ட கணக்கை அடித்துவிடாமல் அப்படியே ஒட்டி, எந்த வரியில் தடம் மாறியது என்று பக்கத்தில் எழுத வேண்டும். இந்த நோட்டுகளைப் புரட்டியதில் எங்களுக்கும் ஒரு விஷயம் புரிந்தது. இயற்கணிதம் வரவில்லை என்று சொன்னவர்களில் பலருக்கு உண்மையில் வராதது பின்னக் கூட்டலும், கூட்டல் கழித்தல் குறியோடு வரும் குறி எண்களும். ஆறாம் வகுப்பில் விட்ட இடத்துக்குத் திரும்பிப் போய் அதைச் சரிசெய்த பிறகு மற்றது தானாக நகர்ந்தது. ஒன்பதாம் வகுப்பில் பின்னம் நடத்துவதைக் குறைவாக யாரும் நினைக்க வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

வகுப்பில் கை தூக்கிச் சந்தேகம் கேட்பதையும் ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டோம். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் உருது பேசும் பிள்ளைகளும் நம்மிடம் இருக்கிறார்கள். தமிழில் பேசினால் தப்பாகிவிடுமோ, இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று வாயே திறக்காமல் இருந்தவர்கள் அவர்களில் சிலர். கேட்க வேண்டிய கேள்வியை முந்தின நாள் மாலையே எழுதி, எங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு மறுநாள் ஆசிரியரிடம் கேட்பது என்று ஏற்பாடு. "சார் என் பேரைக் கேட்டாருக்கா" என்று ஒரு தம்பி ஓடிவந்து சொன்ன அன்று எங்கள் எல்லோருக்கும் வயிறு நிறைந்தது.

வீட்டுச் சூழலையும் இங்கே சொல்லியாக வேண்டும். தறி ஓடும் வீட்டில் பகலெல்லாம் சத்தம். பீடி சுற்றும் வீட்டில் பெண் பிள்ளை அம்மாவுக்குக் கை கொடுத்தாக வேண்டும். அந்த வேலையை நிறுத்துங்கள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை; அந்தக் காசில்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் தினமும் ஒரு மணி நேரம், எந்த மணி என்று வீட்டில் உள்ளவர்களே முடிவு செய்து, அந்த நேரத்தில் பிள்ளையைக் கூப்பிடாமல் இருங்கள் என்று கேட்டோம். பல தாய்மார்கள் விடியற்காலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு இந்த அறிக்கையில் தனியாக நன்றி சொல்கிறேன்.

அடுத்து உதவித்தொகையும் சான்றிதழும். பெற்றோர்கள் இதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்னும் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதி உதவித்தொகைத் தேர்வில் தேர்ச்சி பெற்றால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். தேர்ச்சி பெற்றால் மட்டும் போதாது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும், வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். பள்ளி மாறும் ஆண்டில்தான் இது விட்டுப்போகிறது. அதேபோல் ஒன்பதாம் வகுப்புக்கென்றே ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்வாகிறார்கள். கிராமப்புறப் பள்ளிகளில் படிப்பவர்களுக்கு மட்டும்தான் அது. குடியாத்தம் நகராட்சி எல்லைக்குள் இருக்கும் பள்ளியில் சேர்ந்த நம் பிள்ளைகள், வீடு கிராமத்தில் இருந்தும், எழுத முடியவில்லை. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இதைவிடப் பெரிய முடிவு ஒன்று இருக்கிறது. எட்டாவது முடிந்ததும் கடன் வாங்கியாவது பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்று நினைக்கும் வீடுகள் நம் ஊரில் கூடிவருகின்றன. அது அவரவர் விருப்பம். ஆனால் மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே வந்தவை. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது பெறுகிறார்கள். ஒன்பதாவதில் தனியார் பள்ளிக்கு மாறினால் இவை கைவிட்டுப் போகும். எங்களிடம் வந்து கேட்ட பெற்றோர்கள் சிலர் இதைத் தெரிந்துகொண்ட பிறகு முடிவை மாற்றிக்கொண்டார்கள்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றுக்கும் அடிப்படை, பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருப்பது. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தயாராவதற்கு முன் திருத்தினால் வேலை எளிது. மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு அலைச்சல்தான். பள்ளிப் பதிவேட்டையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்ததில் பல பிள்ளைகளுக்கு வேறுபாடு இருந்தது. இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய்ப் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிட்டோம்.

ஜனவரியில் பிள்ளைகளைக் கல்லூரிகளுக்கு அழைத்துச் சென்றோம். முதலில் குடியாத்தத்தில் அரசு திருமகள் ஆலைக் கல்லூரி. ஆட்டோ ஓட்டும் ஒருவரின் மகன், "எங்கப்பா தினம் இந்த கேட்டுல ஆள் இறக்குவாரு, உள்ள போனதே இல்ல" என்றான். வேதியியல் ஆய்வகத்தில் ஒரு அண்ணன் பியூரெட் என்ற அளவுக் குழாயை அவன் கையில் கொடுத்துச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். கரைசல் இளஞ்சிவப்பாக மாறிய இடத்தில் அவன் விரல் நின்றது. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த நிறத்தைப் பற்றியே பேசினான்.

அங்கிருந்து வேலூர் போய் ஊரீஸ் கல்லூரி பார்த்தோம். பழைய வட ஆற்காட்டின் திருத்தணியில் 1888-இல் பிறந்து குடியரசுத் தலைவராக உயர்ந்த ராதாகிருஷ்ணன், உதவித்தொகையில் படித்த நாட்களில் இங்கேயும் படித்தார் என்று சொன்னதும் பிள்ளைகள் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு பாகாயத்தில் தந்தை பெரியார் அரசினர் பொறியியல் கல்லூரி. பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் மதிப்பெண் என்பது கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடப்படுவது அங்கேதான் பலருக்கு முதன்முதலாகத் தெரிந்தது. கூட வந்த ஒரு தாய் அதைத் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் போய், அங்கிருந்து நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரும் வழியையும் சொன்னோம். பதினொன்றாவதில் எந்த குரூப் என்பதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து முடிவெடுக்காமல், இன்னும் ஓராண்டு யோசிக்க அவர்களுக்கு நேரம் இருக்கிறது. ஒன்பதாவதிலேயே அழைத்துப் போனது அதற்காகத்தான்.

வரும் ஆண்டில் செய்ய நினைப்பவை: புதிதாக ஒன்பதாவது போயிருப்பவர்களுக்குப் படிப்பு வட்டத்தை இந்த மாதமே தொடங்குவது, போன ஆண்டுப் பிள்ளைகளைப் பத்தாவதிலும் விடாமல் தொடர்வது, எட்டாம் வகுப்பின் கடைசி மாதத்தில் பின்னம், குறி எண், தமிழ் வாசிப்பு மூன்றையும் சோதித்துப் பார்த்து, தேவைப்படுபவர்களுக்குக் கோடை விடுமுறையில் வகுப்பு நடத்துவது. மாலை வேளையில் கூடத்தில் வெளிச்சம் போதவில்லை. இரண்டு டியூப்லைட் தேவை. பெண் பிள்ளைகளை எட்டு மணிக்கு வீடு வரை கொண்டுவிட, தெருவுக்கு ஒருவர் முன்வர வேண்டும். அதற்கான பெயர்ப் பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்து போகும்போது எழுதிவிட்டுப் போங்கள்.

கூடத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியருக்கும், தங்கள் பரீட்சைக்கு நடுவிலும் ஒரு நாளும் வராமல் இருக்காத கல்லூரிப் பிள்ளைகளுக்கும், சுண்டல் அவித்துக் கொடுத்த சத்துணவு அம்மாவுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. 2024–25 ஆண்டறிக்கையைப் பொதுக்குழு ஏற்று ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்