அது ஆடம்பரக் கிணறு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் இங்கிலாந்துப் பயணக் கட்டுரையில், ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள ஸ்டோக் ரோ கிராமத்தின் மகாராஜா கிணற்றை ஆடம்பரம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். மேலே குவிமாடம், ராட்டினத்தின் மீது பொன்னிற யானை. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அவர் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கலாம்.

ரெடிங்கில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நான் எட்டிப் பார்த்தேன். இருட்டுதான் தெரிந்தது. ஆழம் 368 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைத் தலைகீழாக இறக்கினாலும் இன்னும் 150 அடி மிஞ்சும். அகலமோ நாலே அடி. முழுக்கக் கையால் தோண்டியது. எங்கள் காங்கேயம் பக்கம் கிணறு வெட்டியவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். நாலடி வட்டத்துக்குள் கடப்பாரையை ஓங்க முடியாது என்பது தெரியும்.

அந்த ஊர் இருக்கும் சில்டர்ன் குன்றுகள் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். அந்தக் காலத்தில் கோடையில் குட்டைத் தண்ணீரே கதி. பக்கத்து இப்ஸ்டன் ஊர்க்காரர் எட்வர்ட் ரீட், வட இந்தியாவில் ஆங்கிலேய அதிகாரி. 1831-இல் ஆசம்கரில் ஒரு கிணறு வெட்ட உதவியவர். வீட்டில் மிஞ்சியிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டான் என்று தன் ஊரில் ஒரு தாய் மகனை அடித்த கதையைக் காசி ராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கிடம் அவர் சொன்னாராம். அது ராஜாவின் மனதில் தங்கிவிட்டது. அவர் பணத்தில் வெட்டிய கிணறு 1864 மே 24 அன்று, விக்டோரியா ராணியின் பிறந்தநாளில், திறக்கப்பட்டது. 1857-இல் வெள்ளையர் பக்கம் நின்றவர் ராஜா. அந்த விசுவாசத்தின் வாடை இதிலும் அடிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஊராருக்குத் தண்ணீர் இலவசமாகக் கிடைத்தது.

எனக்குப் பிடித்தது பக்கத்திலேயே வைத்த செர்ரித் தோப்புதான். பழம் விற்ற காசு கிணற்றுப் பராமரிப்புக்கு. தண்ணீர்ப் பந்தலுக்கு நம்மவர்கள் மானியம் எழுதி வைத்ததும் இதே கணக்குத்தானே! கட்டுரை தோப்பைப் பற்றி மூச்சுவிடவில்லை.

இன்னொரு திருத்தம்: கட்டுரையோடு வந்த படத்தில் இருக்கும் சின்ன வீடு, குறிப்பில் போட்டிருப்பதுபோல் தேநீர்க் கடை அல்ல. கிணற்றுக் காவலர் குடியிருந்த வீடு.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், காங்கேயம்