கயல்விழிக்கு, அந்த ஒப்பீட்டுத் தாள் பற்றி

அன்புள்ள கயல்,

உன் கம்பெனி வண்டிகளில் பழுதான பிரேக் பாகத்தை மாற்றினால் ஆகும் செலவு ஒருபுறம், மாற்றாவிட்டால் கொடுக்க நேரும் இழப்பீடு மறுபுறம் என்று தாள் போடச் சொல்கிறார்கள் என்றாய். "நான் கணக்குதானே போடுகிறேன், முடிவெடுப்பது அவர்கள்தானே அப்பா" என்றும் கேட்டாய். அப்படிக் கைகழுவ முடியாது, கண்ணு.

1973இல் ஃபோர்டு நிறுவனத்தில் இப்படி ஒரு தாள் தயாரானது. வண்டி கவிழும்போது பெட்ரோல் கசியாமல் தடுக்க, வண்டிக்கு 11 டாலர். ஒன்றேகால் கோடி வண்டிகளுக்கு 13.7 கோடி டாலர். தடுக்காவிட்டால் 180 சாவு, தலைக்கு 2 லட்சம். 180 பேருக்குத் தீக்காயம், தலைக்கு 67,000. எரியும் வண்டிகள் 2,100, ஒன்றுக்கு 700. ஆக மொத்தம் 4.95 கோடி. பின்னாலிருந்து இன்னொரு வண்டி மோதினால் தீப்பிடிக்கும் என்று பேர்கெட்டுப்போன ஃபோர்டின் பிண்ட்டோ காரின் கதையோடு சேர்த்தே இதைச் சொல்வார்கள். உண்மையில் இது அந்தக் காரின் பின்மோதல் பற்றியதே அல்ல. அரசின் சாலைப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்த பொது மதிப்பீடு. உயிருக்கு 2 லட்சம் என்பதும் அந்தத் துறை 1972இல் போட்ட விலைதான். அதை எப்படிக் கூட்டினார்கள் என்று பார்: இறுதிச் சடங்குக்கு 900 டாலர், செத்தவர் பட்ட வேதனைக்கு 10,000 டாலர். கூட்டலில் பிழை கிடையாது. அதுதான் என்னைப் பதறவைக்கிறது.

சாலை போடும் அரசு உயிருக்கு ஒரு தொகை வைத்துப் பார்ப்பதை நான் குற்றம் சொல்லமாட்டேன். உன் தாள் வேறு. பழுது இருப்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், வண்டி ஓட்டுபவருக்குத் தெரியாது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், ஓடும்போதே எஞ்சினை நிறுத்திவிடும் சாவி சுவிட்ச் பழுதுக்குத் தீர்வு சொன்னபோது, பாகம் செய்யும் கருவிகளுக்கான செலவும் பாகத்தின் விலையும் அதிகம் என்று 2005இல் தள்ளிவிட்டார்கள். 2014இல் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 124 சாவுகளுக்கு இழப்பீடு கொடுத்தார்கள்.

எத்தனை பேருக்கு ஆபத்து என்பதை ரூபாயாக மாற்றாமல் தனி வரியாகத் தாளின் தலையிலேயே எழுது. சோதனை அறிக்கையைத் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளரிடம் எழுத்தில் கேள்; கேட்ட தேதியையும் தாளில் குறித்துவை. அந்த வரியை மேலாளர் எடுக்கச் சொன்னால், அவருக்கும் மேலே போ. உன்னுடையது பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனி. தக்க காரணம் இருந்தால் இயக்குநர்கள் அமைத்த தணிக்கைக் குழுவின் தலைவரை நேரடியாக அணுக 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 177ஆவது பிரிவு வழிவிடுகிறது. தொழில் ரகசியம் என்று மிரட்டுவார்கள். பொதுமக்கள் பாதுகாப்பைத் தொடும் சட்டமீறலை உரிய அதிகாரியிடம் சொல்ல, ரகசியக் கடமை தடையல்ல என்று கணக்காளர்களுக்கான சர்வதேச நெறிமுறையே 2017 முதல் சொல்கிறது.

தாளை எனக்கு அனுப்பாதே. கம்பெனிக் காகிதம் வெளியே வரக்கூடாது. வேலை போய்விடுமோ என்ற உன் பயம் நியாயமானதுதான். அப்படி ஆனால் வீட்டுக்கடன் தவணையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அம்மாவிடம் பேசிவிட்டேன். வியாழக்கிழமைக்குள் பொறியாளருக்கு உன் கேள்வி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா